நாற்பத்திமூன்று பாசல்களும் ஒரு சுப்பர் மிட்சைசும்

சண்டிலிப்பாயில் அந்த விமானத்தைப் பற்றிக் கதிரவேலரை விட அதிகம் தெரிந்தவர் எவருமில்லை. அதைச் செய்த கொம்பனியிலும் இருப்பார்களோ என்பது சந்தேகம். அது சுப்பர் மிட்சைஸ் என்ற வகை. நடுத்தரத்துக்கு மேலே, பெரியதற்குக் கீழே. ஆறாயிரத்து ஐந்நூறு கிலோமீற்றரை ஒரே மூச்சில் பறக்கும். நாற்பத்தையாயிரம் அடி ஏறும். மணிக்கு எண்ணூற்றைம்பது ஓடும். ஆறடி மனிதன் உள்ளே தலை குனியாமல் நடக்கலாம். கடைசி விஷயத்தைச் சொல்லும்போது அவர் சற்று நிமிர்ந்துகொள்வார். அவருடைய உயரம் ஐந்தடி நாலங்குலம்.

இந்த விபரங்களை அவர் சலூனில் சொன்னார், சந்தையில் சொன்னார். ஒரு செத்த வீட்டில், ஐயர் வரச் சுணங்கிய அரை மணித்தியாலத்திலும் சொன்னார். பள்ளிக்கூட அற்லஸ் ஒன்றை இரவல் வாங்கி, கவராயத்தின் ஊசியை யாழ்ப்பாணத்தில் குத்தி, ஆறாயிரத்து ஐந்நூறுக்கு ஒரு வட்டமும் கீறினார். லண்டன் வட்டத்துக்கு வெளியே இரண்டு விரல் தள்ளி நின்றது. மூன்று தரம் கீறியும் அது உள்ளே வரவில்லை. எனவே விமானம் இடையில் துபாயில் இறங்கி எண்ணெய் அடிக்கும். அடுத்த வளவு ஆழ்வாப்பிள்ளை இதைக் கேட்டு, "அப்ப எங்கடை கொடிகாமம் பஸ் மாதிரித்தான், இடையிலை நிண்டு நிண்டு போகும்" என்றார். அன்றிலிருந்து கதிரவேலர் துபாயை ஒரு மரியாதைக்காக இறங்கும் இடமாகச் சொல்லத் தொடங்கினார்.

விமானம் அவருடைய மைத்துனன் ஜெயசுதனுடையது என்று ஊர் நம்பியது. உண்மையில் வாடகை விமானம். லண்டனில் நான்கு பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஜெயசுதன், பிறந்த ஒழுங்கையின் வைரவர் கோயில் கும்பாபிஷேகத்துக்கு நான்கு கூட்டாளிகளுடன் அதில் வந்திருந்தான். உங்களுடையதா என்று கேட்டவர்களுக்கு அவன் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, சிரித்தான். கோயிலோ ஒரு சூலமும் ஒரு கொட்டகையும்தான். கும்பாபிஷேகம் காலை ஒன்பதுக்குத் தொடங்கிப் பத்தரைக்கு முடிந்தது. ஜெயசுதனுக்கு வாழ்த்துமடல் வாசித்து முடிய ஒரு மணியாகிவிட்டது.

திரும்பிப் போகும்போது அக்காவையும் அத்தானையும் கூட்டிக்கொண்டு போவதாக அவன் சொன்னான். அக்கா, அதாவது கதிரவேலரின் மனைவி நல்லம்மாவுக்குப் போகவேண்டிய தேவை இருந்தது. லண்டனில் மகள் தர்சினிக்கு இது தலைப்பிள்ளை, பத்து நாளில் பிரசவம் என்று கணக்கு. பத்தியக் கறிக்குத் தேவையான சரக்கெல்லாம் நல்லம்மா வறுத்து இடித்து வைத்துவிட்டாள். இரண்டு பேருக்கும் விசாவும் வந்திருந்தது. கதிரவேலருக்குப் போகவேண்டிய தேவை என்னவென்று ஒருவரும் கேட்கவில்லை. அவருக்கு அந்த விமானத்தில் ஏறவேண்டும். அவ்வளவுதான். ஊர் முழுக்க அவர் ஏறிவிட்டார், உடம்பு ஏறுவதுதான் பாக்கி.

பாசல்கள் இங்கேதான் வருகின்றன.

எங்கள் பக்கத்தில் ஒருவர் வெளிநாடு போகிறார் என்றால் அவருடைய பயணம் அவருடையது மட்டும் அல்ல. போகிறவரின் வீட்டுக்கு முதல் நாளே ஆட்கள் வருவார்கள். தேத்தண்ணி வேண்டாம் என்பார்கள், குடிப்பார்கள். எழும்பும்போது, கொண்டுவந்த பையைச் சுவரோரம் மெல்ல வைத்து, "சின்னப் பாசல்தான், ரண்டு கிலோவும் வராது" என்பார்கள். அதைத் தூக்கிப் பார்த்தவர் தோள்மூட்டு கழன்றாலும் "ஓம் ஓம், அவ்வளவுதான் வரும்" என்று சொல்லவேண்டும். நிறுத்துப் பார்ப்பது கனக்க மரியாதையில்லாத வேலை.

கதிரவேலர் கூட்டுறவுச் சங்கக்கடை முகாமையாளராக முப்பத்தொரு வருடம் தராசுக்குப் பக்கத்தில் நின்றவர். எந்தப் பையையும் கையால் தூக்கி ஐம்பது கிராம் பிசகாமல் சொல்லக்கூடியவர். அவரும் ஒவ்வொன்றாக வாங்கி, ஒவ்வொருவருக்கும் "ஓம் ஓம்" சொன்னார். மூன்று நாளில் நாற்பத்திமூன்று பாசல் சேர்ந்தது. கறித்தூள், பனங்கிழங்கு ஒடியல், பனம்பழப் பினாட்டு, மோர்மிளகாய், எள்ளுப்பாகு. கடைசியாக ஆழ்வாப்பிள்ளை ஒரு பிஸ்கற் ரின்னைக் கொண்டுவந்து, உள்ளே இருப்பது மகனுக்கு ஒரு சின்னச் சாமான் என்றார். ரின்னைத் தூக்கி வைக்கக் கதிரவேலருக்கு இரண்டு கை தேவைப்பட்டது.

விமானத்தில் இரண்டு விமானிகள். கப்டன் அதிகம் பேசாத ஒரு வெள்ளைக்காரர். மற்றவள் ஷெரோன், முப்பது வயதுப் பெண். தாய் தகப்பன் குருநகரிலிருந்து போனவர்கள், இவள் லண்டனில் பிறந்தவள். வீட்டில் பேசிய தமிழ் அப்படியே நாவில் இருந்தது. போவோரின் நிறையையும் சாமான்களின் நிறையையும் எழுதி அனுப்பச் சொல்லி அவள் கதிரவேலருக்கு வட்ஸ்அப்பில் கேட்டிருந்தாள். அவர் கோடு போட்ட தாளில் அழகாக எழுதிப் படம் பிடித்து அனுப்பினார். பாசல் நாற்பத்திமூன்று, ஒன்று இரண்டு கிலோ, மொத்தம் எண்பத்தாறு. தன்னுடைய நிறை எழுபத்திரண்டு.

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்குப் புறப்படுவதாக இருந்தது. முதல் நாள் பின்னேரம் கதிரவேலர் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு ஷெரோனுக்குத் தொலைபேசி எடுத்தார். காலை பத்து இருபத்துநாலு வரை மரணயோகம், பிறகு பத்தரை தொடக்கம் பன்னிரண்டு வரை இராகுகாலம், ஆகவே பன்னிரண்டு பத்துக்கு வெளிக்கிடுவோம் என்றார். வெயில் ஏறினால் விமானத்துக்குக் கஷ்டம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். நாற்பத்தையாயிரம் அடி ஏறுகிற விமானத்துக்குப் பலாலி வெயில் என்ன செய்யும் என்று கேட்டார் அவர். பிள்ளைப்பெறு பார்க்கப் போகிற பயணத்தை மரணயோகத்தில் தொடங்க ஜெயசுதனுக்கும் மனமில்லை. லண்டனில் நாலு கடையையும் அவன் நாள் பார்த்தே திறந்தவன். நேரம் மாறியது.

வெள்ளிக்கிழமை வழியனுப்ப ஒழுங்கை நிறைய ஆட்கள். கதிரவேலருக்கு மாலை போட்டார்கள். அவர் நன்றியுரை ஆற்றினார். அதில் விமானத்தின் தூரமும் உயரமும் வேகமும் வந்தன, மகள் வரவில்லை. ஆழ்வாப்பிள்ளை மட்டும், "போய்ச் சேந்தாப்போலை சொல்லும். அதுக்குப் பிறகு நம்பிறன்" என்றார். கதிரவேலர் அதைக் கேட்காதமாதிரி, பாசல்கள் ஏற்றியிருந்த வான் வண்டிக்குள் ஏறினார். இனி இந்த ஒழுங்கைக்குள் வருவதென்றால் லண்டன் பார்த்த ஆளாகத்தான் வருவது. இல்லாவிட்டால் ஆழ்வாப்பிள்ளையின் வாய்க்குள்ளிருந்து சாகும்வரை வெளியே வர முடியாது.

பலாலியில் விமானம் வெள்ளை வெளேரென்று நின்றது. ஜெயசுதனின் கூட்டாளிகள் நால்வரும் ஏறி, குளிர்காற்றில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். கதிரவேலர் ஏணியில் ஏறி, வாசலுக்குள் தலையை நீட்டி, தோல் இருக்கைகளை ஒருமுறை பார்த்தார். அதற்குள் ஷெரோன் கீழேயிருந்து கூப்பிட்டாள். விமானத்தின் சாமான் கதவுக்குப் பக்கத்தில், நிழலில், விமான நிலையத்துத் தராசு ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருந்தாள். வானிலிருந்து பாசல்களை இறக்கியவர்களின் முகத்தைப் பார்த்து அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது.

எல்லாவற்றையும் நிறுத்தாள். ஆட்களையும் நிறுத்தாள். கதிரவேலர் ஏறியபோது தராசு தொண்ணூற்றொன்று காட்டியது.

"நீங்கள் எழுபத்திரண்டு எண்டு எழுதினனீங்கள், அங்கிள்."

"அது சங்கத்திலை மெடிக்கல் எடுத்த நேரம்."

"எப்ப?"

"தொண்ணூற்றெட்டிலை" என்றார் கதிரவேலர்.

எண்பத்தாறு கிலோப் பாசல் நூற்றெண்பத்தேழாக இருந்தது. ஷெரோன் கணக்குப் பார்த்து, கப்டனிடம் போய்க் கதைத்து, திரும்பி வந்து விஷயத்தைச் சொன்னாள். ஓடுபாதையில் பாவிக்கக்கூடியது ஆயிரத்து நானூறு மீற்றர். இந்த விமானத்துக்கு அது போதும், ஆனால் மிஞ்சாது. வரும்போது எண்ணெய் எரிந்து முடிந்து, இலேசாக வந்து இறங்கியது. இப்போது துபாய் மட்டும் போக எண்ணெய் நிறைத்திருக்கிறது. காற்றுச் சூடானால் ஐதாகும், ஐதான காற்றில் விமானத்தின் செட்டை, இறக்கை, தூக்காது, தூக்குவதற்கு இன்னும் நீளமாக ஓடவேண்டும், ஓட நிலமில்லை. ஆறரை மணிக்கென்றால் இவ்வளவையும் கொண்டு எழும்பியிருக்கலாம். இப்போது முப்பத்துநாலு பாகை. நூற்றிருபது கிலோ குறைக்கவேண்டும்.

எண்ணெயைக் குறைத்துக்கொண்டு கொழும்புப் பக்கம் கட்டுநாயக்காவில் இறங்கி நிரப்பலாமே என்று கதிரவேலர் கேட்டார். ஆறாயிரத்து ஐந்நூறு கிலோமீற்றர் விமானத்தைக் கட்டுநாயக்காவில் இறக்கும்படி அவர் வாயாலேயே கேட்கவேண்டி வந்தது. அதற்கும் வழியில்லை. விமானிகள் ஒரு நாளில் இத்தனை மணித்தியாலம்தான் வேலை செய்யலாம் என்று சட்டம். நேரம் மாறியதைப் பிந்திச் சொன்னதால் அவர்கள் காலையிலிருந்தே கடமையில் நிற்கிறார்கள். நேரத்தை மாற்றியதில் ஐந்து மணித்தியாலம் சும்மா போய்விட்டது. பின்னேரம் வெயில் தாழும்வரை நின்றாலும் அதே பிரச்சினை. மரணயோகத்தையும் இராகுகாலத்தையும் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. நல்லம்மா மட்டும் கணவனை ஒருமுறை பார்த்தாள்.

முதலில் ஜெயசுதனின் வாழ்த்துமடல்கள் வெளியே வந்தன. ஆறு மடல்கள், ஆறும் கண்ணாடி போட்டு, தேக்குச் சட்டம் அடித்தவை. தராசில் முப்பத்தொரு கிலோ. ஜெயசுதன் அவற்றைப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறவன்போலப் பார்த்தான். பிறகு ஒவ்வொன்றையும் கையடக்கத் தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டான். கண்ணாடியில் அவனுடைய முகமே விழுந்ததால் சிலவற்றை இரண்டாம் முறையும் எடுத்தான்.

இன்னும் எண்பத்தொன்பது கிலோ.

"பாசலை விடுங்கோ, அத்தான்" என்றான் ஜெயசுதன். "உதெல்லாம் அங்கை என்ரை கடையிலை கிடக்கு. கேட்ட ஆக்களுக்குச் சும்மா எடுத்துக் குடுக்கிறன்."

அவன் மனதாரத்தான் சொன்னான். கதிரவேலருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாசல்களுக்கு நடுவில் குந்தி, இறக்கவேண்டியதைப் பிரிக்கத் தொடங்கினார். முதலில் கையில் எடுத்தது ஆழ்வாப்பிள்ளையின் பிஸ்கற் ரின். திறந்து பார்த்தார். உள்ளே, பழைய பத்திரிகையில் சுற்றி, ஒரு அம்மிக்குழவி. மேலே ஒரு துண்டில் மகனுக்கு எழுதியிருந்தது: அம்மி பத்திரமாக இருக்கிறதென்று சொன்னாய், உடைந்தது குழவிதானே, இது கொம்மாவின் குழவி, கவனம்.

ஐந்தே முக்கால் கிலோ. கதிரவேலர் மூடியை மூடினார். அதை இறக்குகிற பக்கத்தில் வைத்தார். பிறகு எடுத்து ஏற்றுகிற பக்கத்தில் வைத்தார். அடுத்ததை எடுத்தார். அது பள்ளிக்கூடத்தடி விதவை ஒருத்தி, நாலு வருடமாகப் பார்க்காத மகனுக்கு இடித்த தூள். அதையும் ஏற்றுகிற பக்கத்தில் வைத்தார். மூன்றாவது ஒடியல் மா. வாங்கப்போகிற பெடியன் போன வருடம் அது வேண்டுமென்று தொலைபேசியில் அழுதது ஊருக்கே தெரியும். பத்து நிமிடத்தில் நாற்பத்திமூன்றில் இருபதைப் பார்த்துவிட்டார். இறக்குகிற பக்கத்தில் ஒன்றுமில்லை.

ஷெரோன் விமானத்துக்குள் போய், ஒரு நீலப் பையோடு திரும்பி வந்து, அதை இறக்குகிற பக்கத்தில் வைத்தாள்.

"இது பட்டியலிலை இல்லை, அங்கிள். என்ரை பெரியம்மா லூர்த்தம்மா குருநகரிலையிருந்து குடுத்து விட்டது. இறால் கருவாடு, அம்மாவுக்கு. முதல் இதை இறக்குவம்."

கதிரவேலர் அதைத் தூக்கினார். "மூண்டரைக் கிலோ" என்றார்.

"ரண்டும் வராது எண்டுதான் சொன்னவா."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறது, பிள்ளை."

பையைக் கீழே வைக்காமல் அவர் விமானத்தைப் பார்த்தார். வட்டமான யன்னல்களில் ஒன்றில் கூட்டாளி ஒருவரின் கோப்பிக் கோப்பை தெரிந்தது. கூட்டாளிகளை இறங்கச் சொல்ல முடியாது, விருந்தாளிகள். ஜெயசுதனை இறங்கச் சொல்ல முடியாது, வாடகை அவனுடையது. நல்லம்மாவின் கைப்பையில் தர்சினியின் கடைசி ஸ்கான் படம் இருந்தது.

"எண்பத்தொன்பது எண்டனீர். நான் தொண்ணூற்றொண்டு. காணுமோ?"

ஷெரோன் கையிலிருந்த தாளைப் பார்த்தாள்.

"இந்தக் கருவாட்டை இறக்கினால் காணும். ரண்டு கிலோ மிஞ்சும், அங்கிள்."

"கருவாடு போகவேணும். ஒண்டரைக் கிலோதானே இடிக்குது" என்றார் கதிரவேலர். அவர் காலில் புதுச் சப்பாத்து இருந்தது, மகள் அனுப்பியது, குதி தடித்தது. இனி உயரம் தேவையில்லை என்று அதைக் கழற்றி வைத்தார். பிறகு சூட்கேசைத் திறந்து, தன்னுடைய சேட்டுகளையும் இரண்டு வேட்டியையும் வெளியே எடுத்துவிட்டு, சரக்குப் பொட்டலங்களை மட்டும் உள்ளே வைத்துப் பூட்டினார். சங்கக்கடையில் முப்பத்தொரு வருடம் செய்த வேலைதான். தராசு மட்டுக்கு வந்து நின்றது.

ஜெயசுதன் வேண்டாமென்று மறித்தான். பாசல்தானே, தூள்தானே என்றான். சொல்லிக்கொண்டிருக்கும்போதே, தானும் பத்தொன்பது வயதில் அக்கா இடித்துத் தந்த தூளோடு போனவன் என்பது அவனுக்கு ஞாபகம் வந்திருக்கவேண்டும். பேச்சை நிறுத்திவிட்டு அத்தானின் சேட்டுகளை மடித்துக் கொடுத்தான்.

நல்லம்மாதான் பயந்துபோய் நின்றாள். அவள் விமானத்தில் ஏறியதே இல்லை.

"நீங்கள் இல்லாமல் நான் என்னண்டு போறது? எனக்கு அங்கை ஒரு பாஷையும் தெரியாது."

"நீர் போம். தர்சினிக்கு உம்மைத்தான் வேணும். நான் அங்கை வந்து என்ன செய்யிறது, வயித்தைப் பாத்துக்கொண்டு இருக்கவோ? அடுத்த கிழமை ரிக்கற் எடுத்து வாறன்."

"அதிலை எழும்பி நடக்கலாம் எண்டு எவ்வளவு ஆசையா இருந்தனீங்கள்."

கதிரவேலர் அவளை ஏணிவரைக்கும் வெறுங்காலோடு கூட்டிக்கொண்டுபோய், படி கவனம் என்றார்.

விமானம் ஓடுபாதையின் ஒரு நுனியில் போய்த் திரும்பி நின்று, இரைந்து, ஓடத் தொடங்கியது. வேலிக்கு இப்பால் நின்று கதிரவேலர் பார்த்துக்கொண்டிருந்தார். எழும்ப வேண்டிய இடம் என்று அவர் மனதுக்குள் குறித்த இடத்தைக் கடந்தும் அது ஓடியது. ஊரிலிருந்து போகிற ஒவ்வொரு பையும் அப்போது அவர் கையில் பாரமாக இருந்தது. கடைசியில் மூக்கு நிமிர்ந்தது, சக்கரம் நிலத்தை விட்டது, கடல் பக்கமாகப் போய்ச் சின்னதாயிற்று. நேரம் பன்னிரண்டு ஐம்பது.

அதே வான் வண்டியில் அவர் திரும்பி வந்தபோது மைத்துனனின் ஆறு வாழ்த்துமடல்களும் மடியிலும் பக்கத்திலும் இருந்தன. வழி முழுக்க ஒரு விளக்கத்தைத் தயார் செய்தார். ஓடுபாதையின் நீளம், வெப்பநிலை, காற்றின் அடர்த்தி, செட்டையின் பரப்பு. ஆழ்வாப்பிள்ளை எந்த இடத்தில் மறித்தால் எதைச் சொல்வது என்பதுவரை அடுக்கிவைத்தார்.

விஷயம் அவருக்கு முன்னே வந்துவிட்டது. வான் சாரதி உடுவிலில் நிறுத்திச் சோடா வாங்கியபோதே தொலைபேசி எடுத்திருக்கிறான். வீட்டு வாசலில் இருபது முப்பது பேர் நின்றார்கள். கதிரவேலர் இறங்கினார். வெறுங்கால், கையில் கண்ணாடிச் சட்டம். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் ஏன் திரும்பி வந்தீர்கள் என்றும் கேட்கவில்லை.

"என்ரை பாசல் போட்டுதோ?" என்று பள்ளிக்கூடத்தடி விதவை கேட்டாள்.

"போட்டுது. எல்லாம் போட்டுது."

பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் தங்களுடையதைத் தனியாகக் கேட்டார்கள். அவர் ஒவ்வொன்றுக்கும் தனியாகச் சொன்னார். கேட்டு முடிந்தவர்கள் போய்விட்டார்கள். அடுக்கிவைத்த விளக்கத்தைச் சொல்ல அவர் வாயைத் திறந்து, "ஆயிரத்து நானூறு மீற்றர் எண்டால்" என்று தொடங்கியபோது ஆழ்வாப்பிள்ளை ஒருவர்தான் மிச்சம்.

"குழவி?" என்றார் ஆழ்வாப்பிள்ளை.

"என்ரை சீற்றிலை இருந்து போகுது."

ஆழ்வாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். வேலியைப் பார்த்தார். இதற்கென்று அவர் காலையிலிருந்து வைத்திருந்த பகிடி எதையும் சொல்லவில்லை. "இரவைக்கு எங்கடை வீட்டை சாப்பிட வாரும். புட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆறு மணிபோலத் தொலைபேசி அடித்தது. துபாயிலிருந்து நல்லம்மா. எண்ணெய் அடிக்கிறார்களாம், இன்னும் அரை மணித்தியாலத்தில் வெளிக்கிடுமாம். மத்தியானம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள். கோழிக்குத் தவிடு வைத்தீர்களா என்று கேட்டாள். அவர் எல்லாவற்றுக்கும் ஓம் என்றார். கேட்கவேண்டியதைக் கேட்க அவருக்கு வெட்கமாக இருந்தது. உள்ளே எப்படி, சத்தம் கேட்குமா, எவ்வளவு உயரம் போனது. கேட்டாலும் அவளுக்குத் தெரியப்போவதில்லை, யன்னலை மூடிவிட்டுத் தேவாரம் சொல்லிக்கொண்டு இருந்திருப்பாள்.

"இஞ்சேருங்கோ" என்றாள் நல்லம்மா. "நீங்கள் கேப்பியள் எண்டு தெரியும். அதுதான் அந்தப் பிள்ளை ஷெரோனிட்டைக் கேட்டு எழுதி வைச்சனான். இருங்கோ, கண்ணாடியைப் போடுறன்."

தாள் சரசரக்கும் சத்தம் கேட்டது. பிறகு, ஒரு சொல்லும் விளங்காமல், ஆனால் பிழைவிடாமல், பள்ளிக்கூடப் பிள்ளைபோல அவள் வாசித்தாள். போன உயரம் நாற்பத்திமூவாயிரம் அடி. வெளியிலை குளிர், மைனஸ் ஐம்பத்தாறு. வேகம் எண்ணூற்றுப் பதினைஞ்சு, எதிர்க்காத்தாம், அதுதான் குறைவாம். உள்ளுக்கை நான் எழும்பி நடந்து பாத்தனான், தலை முட்டேல்லை.

கதிரவேலர் கலண்டரில் ஒரு தாளைக் கிழித்தார். பேனை மேசையில் கிடந்தது.

"முதலிலையிருந்து ஒருக்கால் சொல்லும்" என்றார். "ஆறுதலாச் சொல்லும், எழுதிறன்."